முட்டுக்கு மேலே ஒரு சாண்

சாத்தூர்
12-8-2024

அன்புள்ள அண்ணனுக்கு மாரித்தாய் கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் ரோஜாவும் அவள் வீட்டுக்காரரும் சுகம். என் வலது முட்டு மட்டும் சுகமில்லை, அது உங்களுக்குத் தெரிந்த பழைய கதை. அங்கே நீங்களும் செல்வக்குமாரும் மருமகளும் பேரனும் எப்படி இருக்கிறீர்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை செல்வக்குமார் போன் போட்டான். உங்களிடம் கொடுக்கச் சொன்னேன். "அப்பாவுக்குப் போன்ல பேசுனா காது மிஷின் கூவுது அத்தை, லெட்டரே போடுங்க" என்று வைத்துவிட்டான். இரும்பாலை உங்கள் காதைத் தின்றதில் தபால்காரருக்குத்தான் வேலை கூடிவிட்டது. எனக்கும் இது பிடித்துத்தான் இருக்கிறது. முப்பது வயதுக்கு மேல் அறிவொளியில் கற்ற எழுத்து, எழுதாமல் விட்டால் கை மறந்துவிடும்.

தீபாவளி சீசன் வந்துவிட்டது. விடிந்ததும் பட்டாசுக் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் பணியாரச் சட்டியோடு உட்கார்ந்துவிடுகிறேன். உட்காருவது சுலபம், எழுவதுதான் பெரும்பாடு. பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் ரெண்டு பேர் கை கொடுத்துத் தூக்குகிறார்கள். எல்லாம் சரம் பின்னுகிற பிள்ளைகள். என்னைப் போலவே காலை மடக்கிப் போட்டுத் தரையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள். "ஒங்களுக்கும் இந்த முட்டுத்தான் காத்திருக்கு, இப்பவே தூக்கிப் பழகிக்கோங்க" என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். ஏன் பென்சிலில் எழுதுகிறீர்கள்? எழுத்து மங்கலாக இருக்கிறது. வரிகள் வேறு மேலே ஏறிக்கொண்டு போகின்றன. பென்ஷன் வாங்குகிறவர் ஒரு பேனா வாங்கக் கூடாதா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை
மாரித்தாய்


பிலாய்
27-8-2024

அன்புத் தங்கை மாரித்தாய்க்கு, அண்ணன் சங்கிலிமுத்து எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். மழை மட்டும் விடவில்லை.

பென்சில் பேரனுடையது. அவனுக்கு டஜன் கணக்கில் வாங்குகிறார்கள், எனக்கும் ஒன்று கிடைக்கிறது. முப்பத்தைந்து வருஷம் ஆலைக் குறிப்பேட்டில் பேனாவால் எழுதி அலுத்துவிட்டது. தப்பாக எழுதினால் அழித்துக்கொள்ளவும் வசதி.

தினமும் காலையில் மார்க்கெட் வரை நடந்து போய் வருகிறேன். நம் பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர் அங்கே கூடுவோம். ஊர்க்கதை பேசிவிட்டு வெயிலுக்கு முன்னால் திரும்பிவிடுவேன்.

தாயி, நீ தரையில் உட்காருவதை நிறுத்து. ஒரு ஸ்டூல் வாங்கு. குளியலறைத் தரையை ஈரமில்லாமல் வை, சுவரில் ஒரு கைப்பிடி பதிக்கச் சொல். முட்டு தேய்ந்தவர்கள் விழுந்தால் தொடை எலும்பு முட்டுக்கு மேலே ஒரு சாணில் முறிகிறது. அதைச் சேர்ப்பதும் கஷ்டம், சேர்ந்தபின் நடப்பதும் கஷ்டம். விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே.

ரோஜாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பைச் சொல்.

அண்ணன்
சங்கிலிமுத்து


விருதுநகர்
10-9-2024

அன்புள்ள அண்ணனுக்கு மாரித்தாய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுவது. நான் சொல்லச் சொல்ல ரோஜா எழுதுகிறாள். (மாமா, அம்மா தைரியமாக இருக்கிறார்கள். பயப்படாதீர்கள். ரோஜா.)

நீங்கள் எழுதிய வாய் முகூர்த்தம். ஆறாம் தேதி காலையில் பணியாரச் சட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். முட்டு மடங்கிக் கீழே விழுந்தேன். வலது தொடை எலும்பு, நீங்கள் சொன்ன அதே ஒரு சாண். கம்பெனி பஸ் டிரைவர் முனியராஜ் பெண்களை இறக்கிவிட்டு என்னை ஏற்றிக்கொண்டு வந்தார். காலில் எடை கட்டிப் போட்டிருக்கிறார்கள். சர்க்கரை இறங்கிய பிறகுதான் ஆபரேஷனாம்.

இங்கே எலும்பு டாக்டர் ஒரு பெண். கீர்த்திகா என்று பெயர். எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டி எனக்குப் புரிகிற மாதிரி சொன்னது. "ரெண்டு வழி இருக்கும்மா. பிளேட் வச்சு எலும்பைச் சேக்கலாம். அப்படின்னா மூணு மாசம் காலை ஊனக் கூடாது. எலும்பு சேந்தாலும் தேஞ்ச முட்டு தேஞ்சதுதான். இல்லன்னா ஒடஞ்ச பாகத்தையும் முட்டையும் சேத்து எடுத்துட்டு, நீளத் தண்டு வச்ச செயற்கை மூட்டைப் பொருத்தலாம். மறுநாளே நிக்கலாம். அந்த மூட்டுக்கும் ஆயுசு உண்டு, அதனால வயசானவுகளுக்குத்தான் பெரும்பாலும் இதைச் செய்வோம். அட்டையில ஒங்களுக்கு அறுபத்தொம்போதுன்னு இருக்கு. அதனால செய்யலாம்னு நெனைக்கேன்."

அட்டையில் அறுபத்தொன்பது. அது எப்படி வந்தது என்று எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். ரோஜா இதை எழுதும்போதே என்னை நிமிர்ந்து பார்க்கிறாள். அவளும் தெரிந்துகொள்ளட்டும். எனக்கு ஒன்பது வயதில் அய்யா என்னைத் தீப்பெட்டி ஆபீஸுக்குக் கூட்டிப் போனார். பதினைந்து ஆகியிருந்தால்தான் பேர் எழுதுவோம் என்றார்கள். பதினைந்து என்று அய்யா சொன்னார். கணக்கப்பிள்ளை நம்பவில்லை. கூட நின்ற உங்களைப் பார்த்து, "ஏலே, இவ ஒனக்கு அக்காவா, தங்கச்சியா?" என்று கேட்டார். உங்களுக்குப் பன்னிரண்டு வயது. அய்யா சொல்லிக்கொடுத்தபடி "அக்கா" என்றீர்கள். அந்த வயதுதான் ரேஷன் கார்டுக்குப் போய், ஆதாருக்கும் போய்விட்டது. ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது என்று கம்பெனியில் என்னை நிறுத்தியபோது எனக்கு ஐம்பத்திரண்டுதான். அதற்காக நான் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை.

இப்போது என்ன செய்ய? உண்மையான வயது அறுபத்து மூன்று என்று சொன்னால் பிளேட் வைத்துப் படுக்கப்போட்டு விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அம்மா கால் முறிந்து ஒன்பது மாதம் படுத்துக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். இலைக்கட்டுப் போட்டு, கயிற்றுக் கட்டிலில், முதுகெல்லாம் புண்ணாகி. தினமும் ரெண்டு வேளை கழுவிவிட்டது நான். அப்படிப் படுக்க என்னால் முடியாது அண்ணே. நான் எழுந்து நிற்க வேண்டும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

நீங்கள் ஒருதடவை வந்து போங்கள். வர முடியாவிட்டால் வயதைப் பற்றியாவது ஒரு வார்த்தை எழுதுங்கள்.

மாரித்தாய்


பிலாய்
18-9-2024

அன்புத் தங்கைக்கு,

கடிதம் பார்த்தேன். மனம் சரியில்லை. அதிகம் எழுத வரவில்லை.

வயதைப் பற்றி வாயைத் திறக்காதே. அறுபத்தொன்பது என்றே இருக்கட்டும். டாக்டர் செயற்கை மூட்டு என்று சொன்னால் உடனே சரி என்று சொல். பிளேட் வேண்டாம்.

என்னால் வர முடியவில்லை. பேரனுக்குப் பரீட்சை. ரெயிலிலும் இடமில்லை. மழை வேறு. தப்பாக நினைக்காதே.

மாரியம்மன் துணை இருப்பாள்.

சங்கிலிமுத்து


விருதுநகர்
26-9-2024

அன்புள்ள அண்ணனுக்கு மாரித்தாய் எழுதுவது. சர்க்கரை இறங்கிவிட்டது. முப்பதாம் தேதி ஆபரேஷன். இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை. டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அட்டையில இருக்கது என் வயசு இல்ல தாயி, எனக்கு அறுபத்து மூணுதான்" என்றேன். "இம்புட்டு நாளு இல்லாம இப்ப ஏம்மா சொல்றீக?" என்று கேட்டது. "வேற ஒருத்தி வயசோட போய் ஆபரேஷன் மேசையில படுக்க மனசு வரல" என்றேன். அதுதான் நிஜம். நீங்கள் சின்னப் பையனாகச் சொன்னதை நான் ஒருநாளும் குற்றமாக எண்ணியதில்லை. ஆனாலும் அந்த ஆறு வருஷம் என்னுடையது. ஒருதடவையாவது அதை நான் வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டாமா?

டாக்டரம்மா ரொம்ப நேரம் படத்தைப் பார்த்தது. பிறகு பெரிய டாக்டரையும் கூட்டி வந்தது. "அறுபத்து மூணுன்னா நல்லா யோசிக்கணும். எம்பது வயசுல இந்த மூட்டு ஆட்டங்கண்டா மறுபடி செய்யறது லேசுப்பட்ட காரியமில்ல. அன்னைக்கு ஒங்ககிட்ட எலும்பும் கொஞ்சந்தான் மிச்சமிருக்கும்" என்றது. "எம்பது வரைக்கும் நடந்துட்டு அப்புறமா அழுதுக்கிடுதேன்" என்றேன். பெரிய டாக்டர் சிரித்துவிட்டார். முறிவு முட்டுக்குள்ளேயே இறங்கியிருக்கிறது, முட்டில் தேய இனி ஒன்றுமில்லை, எலும்பும் மெலிந்திருக்கிறது, பிளேட்டின் திருகாணி பிடிக்காது என்று ரெண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். கடைசியில் எனக்குச் செயற்கை மூட்டுதான் என்று ஆயிற்று. வயதை மறைக்காமலே ஆயிற்று.

இனி நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

என்னை மல்லாக்கப் படுக்க வைத்திருக்கிறார்கள். எழுதுகிற அட்டையை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் எழுத வேண்டும். பேனா நாலு எழுத்துக்கு மேல் ஓடவில்லை. உதறினேன், ஊதினேன், இன்னொன்று வாங்கினேன், அதுவும் ஓடவில்லை. நர்ஸ் பிள்ளை பார்த்துவிட்டு, "மேல பாத்துப் பிடிச்சா மை எறங்காதும்மா, பென்சில் தாரேன்" என்றது. எழுதி முடித்துப் பார்த்தால் என் வரிகளும் மேலே ஏறிப் போயிருக்கின்றன.

உங்கள் பழைய கடிதங்களை ரோஜாவை எடுத்து வரச் சொன்னேன். ஒன்றரை வருஷத்துக்கு மேலாக எல்லாமே பென்சில். மார்க்கெட்டுக்கு நடந்து போனேன் என்று எழுதியதும் பென்சில்தான். எலும்பு எந்த இடத்தில் முறியும் என்று சாண் கணக்குச் சொன்னதும் அதே பென்சில்தான்.

அண்ணே, நீங்கள் எத்தனை நாளாகப் படுத்திருக்கிறீர்கள்?

மாரித்தாய்


விருதுநகர்
14-10-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. செல்வக்குமாரிடம் ரோஜா போனில் கேட்டாள். "அப்பாவே எழுதுவாங்க" என்று மட்டும் சொன்னானாம். பிள்ளையை நன்றாகத்தான் பழக்கி வைத்திருக்கிறீர்கள்.

எனக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் சாயங்காலமே நிற்க வைத்தார்கள். வலி இல்லை என்று சொன்னால் பொய். வாக்கர் கம்பியைப் பிடித்ததும் கண்ணில் தண்ணீர் கொட்டியது, பயிற்சி கொடுக்கிற பையனைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டேன். பிறகு மன்னிப்புக் கேட்டேன். மூன்றாம் நாள் கழிவறைக்கு நானே போனேன். அம்மாவை நினைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்.

நாளைக்கு வீட்டுக்கு விடுகிறார்கள். இனிமேல் ஆயுசுக்கும் தரையில் சம்மணம் போடக் கூடாதாம். ஒன்பது வயதிலிருந்து போதும் போதும் என்கிற அளவுக்குத் தரையில் உட்கார்ந்தாயிற்று, எனக்கு அதில் வருத்தமில்லை என்றேன்.

நீங்கள் எழுதும் வரைக்கும் நான் இனி எழுதமாட்டேன்.

மாரித்தாய்


பிலாய்
29-10-2024

அன்புத் தங்கை மாரித்தாய்க்கு,

நீ நின்றாய் என்று படித்ததும் செல்வக்குமாரைக் கூப்பிட்டு அந்த இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். சந்தோஷம், தாயி.

நீ கேட்டதற்குப் பதில். 2023 ஜனவரியிலிருந்து படுத்திருக்கிறேன். குளியலறையில் விழுந்தேன். இடது தொடை, முட்டுக்கு மேலே ஒரு சாண். அந்த அளவு எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

எனக்கும் முட்டு ஏற்கெனவே தேய்ந்திருந்தது. ஆனால் அறுபத்து நாலு வயதுதான், எலும்பு சேர்ந்துவிடும், சொந்த முட்டைக் காப்பாற்றிக்கொள்வோம் என்று பிளேட் வைத்தார்கள். அவர்கள் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். எலும்பு நன்றாகத்தான் சேர்ந்தது. மூன்று மாதம் கழித்து ஊன்றச் சொன்னார்கள். முட்டு மடங்கவில்லை, வலி உயிர் போயிற்று. பயிற்சிக்கு ஆள் வந்தபோது நாளைக்கு என்றேன். அதற்கு மறுநாளும் நாளைக்கு என்றேன். உன் மதினி இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு என்னை எழுந்திரு என்று சொல்ல ஆளில்லை. எழுந்து உட்கார்ந்து பேனாவில் எழுத முடியாதா என்றால் முடியும். உட்காரத்தான் மனம் வரவில்லை. மருமகள் நல்ல பெண். அவள் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

உன்னை அறுபத்தொன்பது என்று சொல்லச் சொன்னது இதனால்தான். வயது குறைந்தவள் என்று உன்னையும் பிளேட் வைத்துப் படுக்கப் போட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். நீ என்னைவிடத் தைரியசாலி, நேராகவே கேட்டு வாங்கிவிட்டாய்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். அம்மா படுத்திருந்த ஒன்பது மாதத்தில் நான் ஒருதடவைகூட வரவில்லை. லீவு இல்லை என்று எழுதினேன். லீவு இருந்தது. அந்தக் கோலத்தில் பார்க்கப் பயந்துகொண்டு வரவில்லை. எல்லாம் முடிந்த மூன்றாம் நாள் வந்து நின்றேன். நீ ஒரு சொல் சொல்லவில்லை. அப்படிப்பட்டவன், நான் படுத்துவிட்டேன் என்று உனக்கு எந்த முகத்தோடு எழுதுவேன்? எழுதினால் நீ கிளம்பி வந்துவிடுவாய். அம்மாவைக் கழுவிய கையால் என்னையும் கழுவுவாய். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

தீபாவளிக்கு எல்லோருக்கும் என் அன்பு.

சங்கிலிமுத்து


சாத்தூர்
9-11-2024

அன்புள்ள அண்ணனுக்கு மாரித்தாய் எழுதுவது. வீட்டில் இருக்கிறேன், மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். அம்மாவுக்கு வராதது அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆலையில் வேலை பார்த்த நம் ஊர் பெத்தணன் அந்த வருஷம் ரெண்டு தடவை லீவில் வந்து போனார். உங்களுக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்? தெரிந்தும்தான் பேசாமல் இருந்தேன். அது பழசு. ரெண்டு வருஷமாக மார்க்கெட்டுக்கு நடந்தேன், நடந்தேன் என்று எழுதினீர்களே, அதற்குத்தான் கோபம். நானும் நம்பி, அண்ணன் நடக்கிறார் என்று பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களிடம் பெருமை பேசினேன்.

சரி. ஆக வேண்டியதைப் பார்ப்போம். போன வாரம் தையலைக் காட்டப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன். "பிளேட் வச்ச காலுக்கும் செயற்கை மூட்டு வைக்கலாம்மா. ஆனா ஒங்களுக்குச் செஞ்ச மாதிரி சுளுவா இருக்காது. பிளேட்டை எடுக்கணும், உள்ள சீழ் கீழ் இல்லன்னு பாக்கணும், ரெண்டு வருசமா படுத்திருந்த சதையை எழுப்பணும். அவுக மனசு வச்சா முடியும்" என்றது. மனசை நான் வைக்க வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் வாக்கரில் தெருமுனை வரை போகிறேன். பணியார அடுப்பை மேசை மேல் ஏற்றியாயிற்று, நின்றுகொண்டே ஊற்றுகிறேன். அதனால் எனக்கு முடியாது, கஷ்டம் என்று உங்களிடமிருந்து கேட்க நான் தயாராக இல்லை.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்கிறேன். உங்களைக் கழுவிவிட நான் வரமாட்டேன். எழுப்பத்தான் வருவேன்.

முதலில் நீங்களாக அங்கே டாக்டரைப் போய்ப் பாருங்கள். என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

மாரித்தாய்


பிலாய்
25-11-2024

அன்புத் தங்கைக்கு,

நீ நடப்பதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். என்னைப் பற்றிக் கவலைப்படாதே. நான் இப்படியே பழகிவிட்டேன். இன்னொரு தடவை கத்தி வைக்க உடம்பிலும் மனதிலும் தெம்பில்லை.

நீ இங்கே வர வேண்டாம். ரெண்டு நாள் ரெயில். உன் காலுக்கு ஆகாது. இங்கே குளிரும் அதிகம். கெஞ்சிக் கேட்கிறேன், வராதே.

சங்கிலிமுத்து


சாத்தூர்
20-12-2024

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. ஜனவரி 27-ம் தேதி நானும் ரோஜாவும் மதுரையில் ரெயில் ஏறுகிறோம். கீழ்ப் படுக்கை கிடைத்திருக்கிறது. உங்கள் எக்ஸ்ரே எல்லாவற்றையும் செல்வக்குமாரிடம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். என்னால் தரையில் உட்கார முடியாது, உங்கள் கட்டில் பக்கத்தில் நாற்காலி ஒன்று போட்டு வையுங்கள்.

மாரித்தாய்


பிலாய்
10-4-2025

அன்புத் தங்கை மாரித்தாய்க்கு அண்ணன் சங்கிலிமுத்து எழுதுவது. நீ சுகமாக ஊர் போய்ச் சேர்ந்ததை ரோஜா போனில் சொன்னாளாம். பயணத்தில் கால் வீங்கிவிட்டது என்றும் சொன்னாளாம். உயர்த்தி வைத்து ஐஸ் கட்டி ஒற்று. எனக்கு நீ சொன்னதைத்தான் உனக்குச் சொல்கிறேன்.

நீ இங்கே இருந்த ரெண்டு மாதத்தில் சொல்லாமல் விட்டதை எல்லாம் இன்றைக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். உன் முன்னால் வாய் வரவில்லை.

நீ வந்த அன்றைக்கு வாசலில் ஆட்டோ நின்றது எனக்குக் கேட்கவில்லை, எனக்கு எங்கே கேட்கும்? நீ வாக்கரை ஊன்றிப் படியேறியது கட்டில் அதிர்ந்துதான் தெரிந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். நீ பக்கத்தில் வந்து, தெருவுக்கே கேட்கும்படி, "எந்திரிங்கண்ணே. நான் நிக்கேன், நீங்க படுத்திருக்கீக. பாக்க நல்லாவா இருக்கு?" என்று கத்தினாய். மருமகளுக்குத் தமிழ் அரைகுறை. அத்தை ஏன் வந்ததும் சண்டை போடுகிறார்கள் என்று செல்வக்குமாரிடம் கேட்டாளாம்.

ஆபரேஷன் வேண்டாம் என்று நான் பதினைந்து நாள் பிடிவாதம் பிடித்தேன். நீ ஒன்றும் வாதாடவில்லை. காலையும் மாலையும் என் கண் முன்னால் அறைக்குள்ளேயே இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தாய். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தாய். ஒருநாள் போதும் உட்கார் என்றேன். "நீங்க சரின்னு சொல்லுங்க, உக்காருதேன்" என்றாய். சரி என்று சொன்னது உன்னை உட்காரவைக்கத்தான். அதை இப்போதாவது ஒத்துக்கொள்கிறேன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் நாள், சொன்னபடியே நீ என்னைக் கழுவவில்லை. ஈரத் துண்டைக் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். அரை மணி நேரம் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு நானே துடைத்துக்கொண்டேன், நானே சட்டை மாற்றினேன். கதவைத் திறந்தபோது நீ அந்தப் பக்கம் சுவரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாய். அத்தனை நேரமும் நின்றாய் என்று மருமகள் பிறகு சொன்னாள். அம்மா விஷயத்தில் நான் செய்ததற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருபத்தாறு வருஷமாக நினைத்திருக்கிறேன். இப்போது கேட்கிறேன். மன்னித்துவிடு, தாயி.

இனி கால் விவரம். டாக்டர் நினைத்த அளவுக்கு முட்டு மடங்கவில்லை. இவ்வளவுதான் வரும் போலிருக்கிறது என்கிறார். மாடிப்படி எனக்கு ஆகாது. நீ கிளம்பிய மறுநாள் பயிற்சியை நாளைக்குச் செய்கிறேன் என்றேன். சொன்னது என் வாய்தானா என்று எனக்கே பயம் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் ரெண்டு நாள் பயிற்சியைச் சேர்த்துச் செய்து, ராத்திரி வலியில் தூங்காமல் கிடந்தேன். அதற்குப் பிறகு ஒருநாளும் விடவில்லை. நேற்று வாசல் கேட் வரை போய்த் திரும்பினேன். கேட்டைத் தாண்டி இன்னும் போகவில்லை.

இத்தனை நாளும் என் கடிதங்களைத் தபாலில் போட்டது மருமகள்தான். இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுக்கப் போவதில்லை. தெருமுனையில் ஒரு தபால் பெட்டி இருக்கிறது. கேட்டிலிருந்து நூற்று நாற்பது அடி என்று பேரன் நடந்து எண்ணிச் சொன்னான். என் நடைக்கு எத்தனை அடி ஆகும் என்று தெரியவில்லை. ஒட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இப்போது கிளம்புகிறேன். பாதியில் முடியாமல் போனால் திரும்பி வந்துவிடுவேன், நாளைக்குக் காலையில் மறுபடி போவேன். எத்தனை நாள் ஆனாலும் வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டேன். இந்தக் கடிதத்தை நீ படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால் நான் அந்தப் பெட்டி வரை நடந்திருக்கிறேன்.

அண்ணன்
சங்கிலிமுத்து